நெஞ்சுக்குள் ஹுக்கா

போன மாதம் தங்கச்சி மகன் போன் பண்ணினான். "மாமா, நாங்க நாலு பேரு லே போறோம். உங்களுக்குத்தான் அந்தப் பக்கம் அத்துப்படியாச்சே, குளிருக்கு என்னென்ன எடுத்துக்கணும்?" என்றான். திட்டத்தைக் கேட்டேன். வியாழக்கிழமை காலையில் விமானத்தில் லடாக்கில் இருக்கும் லே. வெள்ளிக்கிழமை வாடகை புல்லட்டில் கர்துங் லா கணவாய். சனிக்கிழமை நூப்ரா பள்ளத்தாக்கு. ஐந்து நாள்தான் லீவு.

"குளிரை விடுடா. போய் எறங்குன அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?"

"ஊரச் சுத்துவோம் மாமா. நாங்க நாலு பேருமே ஜிம்முக்குப் போறவங்க, ஒண்ணும் ஆகாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 22 வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன். அதுவும் அவனைப் போல விவரம் தெரியாமல் இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டே. அவனிடம் போனில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேலூர் பக்கம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது அங்கே அதிசயமில்லை. 1996-இல் சேர்ந்தேன். பிளஸ் டூவில் அறிவியல் படித்திருந்ததால் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்ட் டிரேடு கிடைத்தது. பயிற்சி லக்னோவில். இந்தி தெரியாமல் போய் இறங்கி, பயிற்சி தரும் உஸ்தாத் திட்டுவது வசவா உத்தரவா என்றே புரியாமல் ஒரு மாதம் ஓட்டினேன். எங்கள் படையின் வாசகம் 'சர்வே சந்து நிராமயா', எல்லோரும் நோயற்று இருக்கட்டும். அந்த 'எல்லோரும்' என்பதில் நானும் சேர்த்தி என்று அப்போது தோன்றவே இல்லை.

1999-இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஒரு ஃபீல்டு ஆம்புலன்ஸில் இருந்தேன். (ஆம்புலன்ஸ் என்றதும் வண்டி என்று நினைக்காதீர்கள். அது ஒரு மருத்துவ யூனிட்டின் பெயர்.) கார்கில் சண்டை தொடங்கியதும் ஒரு காலாட்படை பட்டாலியனோடு என்னை இணைத்துவிட்டார்கள். ஜூன் முதல் வாரம், இரவோடு இரவாக லாரியில் சோஜி லா கணவாய் தாண்டி த்ராஸ்.

ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். த்ராஸ் 3,200-க்கு மேல். அங்கிருந்து எங்கள் ஆட்கள் ஏற வேண்டிய முகடுகள் 4,500, 5,000. இந்த மாதிரி இடத்துக்கு உடம்பைப் பழக்க ராணுவத்தில் ஒரு கணக்கு உண்டு. 9,000 அடியிலிருந்து 12,000 அடிவரை ஆறு நாள், அதற்குமேல் 15,000 வரை நான்கு நாள், அதற்கும் மேலே போக இன்னொரு நான்கு நாள். ஆக 14 நாள். ஆறு நாளில் முதல் இரண்டு நாள் படுத்தே கிடக்க வேண்டும், பிறகுதான் மெதுவாக நடை. வகுப்பில் இந்தக் கணக்கை நானே ஜவான்களுக்கு ஒப்பித்திருக்கிறேன். அந்த ஜூனில் எங்களுக்கு வாய்த்தது அதில் பாதிகூட இல்லை. மேலே பங்கர் கட்டி உட்கார்ந்திருந்தவன் எங்களுக்காகக் காத்திருக்க மாட்டான் அல்லவா.

பட்டாலியனுக்கு ஒரு மருத்துவ அதிகாரி. கேப்டன், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எங்களுக்கு அவர் 'டாக்டர் சாப்'. அவர் முகாம், அதாவது ரெஜிமென்டல் எய்டு போஸ்ட், ஒரு பாறையின் மறைவில் கற்களை அடுக்கி மேலே தார்ப்பாய் போட்ட இடம். நான், இன்னொரு நர்சிங் அசிஸ்டென்ட், ஸ்ட்ரெச்சர் தூக்கும் ஆட்கள். பட்டாலியனின் பேண்டு வாத்தியக்காரர்கள்தான் சண்டைக் காலத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்குவார்கள், அது பழைய வழக்கம். என் ஜோடி (பட்டாளத்தில் 'பட்டி' என்பார்கள்) ஒரு கட்வாலி நாயக், டிரம் வாசிப்பவர். பல்லெல்லாம் பீடிக் கறை. அவருக்கு நான் 'டாக்டர்'. நர்சிங் அசிஸ்டென்ட் எல்லோருமே ஜவான்களுக்கு டாக்டர்தான்.

சண்டையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. நான் பார்த்தது சண்டையின் பின்பக்கம். தாக்குதல் ராத்திரியில் நடக்கும், விடியும் நேரத்தில் எங்களிடம் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். குண்டடியைவிட ஸ்பிளிண்டர், அதாவது வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டு, பட்ட காயம்தான் நிறைய. செங்குத்துச் சரிவில் ஒரு ஆளை இறக்க நான்கு பேர் போதாது, மாற்றாள் வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். குளுக்கோஸ் பாட்டில் உறைந்துவிடும் என்பதால் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்து வைத்திருப்போம். மார்ஃபின் ஊசி போட்டால் நெற்றியில் 'எம்' என்று எழுதி நேரத்தையும் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே இருப்பவர் தெரியாமல் இன்னொன்று போட்டுவிடுவார். ரத்தம் போன உடம்பில், அந்தக் குளிரில், ஊசி ஏற்ற வேண்டிய ரத்தக் குழாய் சுருங்கி நூல் மாதிரி ஆகிவிடும். கையுறையோடு அதைத் தேட முடியாது. கழற்றித்தான் ஆக வேண்டும்.

என் விரல் போனது அப்படித்தான். ஒரு விடிகாலை இரண்டு மூன்று பேருக்குத் தொடர்ந்து ஊசி ஏற்றினேன். ஈரக் கை, காற்று, இரும்புக் கத்தரிக்கோல். வேலை முடிந்து பார்த்தால் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தன. வலி இல்லை. வலி இல்லாததுதான் கெட்ட சேதி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன்? மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காட்டினேன்.

பனிக்கடி பட்ட இடத்தை நெருப்பில் காட்டக் கூடாது, தேய்க்கவும் கூடாது. உணர்ச்சி செத்த தோல் வெந்தாலும் சொல்லாது. பழைய புத்தகங்களில் பனியால் தேய்க்கச் சொல்லியிருப்பார்கள், அது சுத்தத் தப்பு. கை பொறுக்கும் வெதுவெதுப்பில், 37 முதல் 39 டிகிரி நீரில், அரை மணிபோல அமிழ்த்தி வைக்க வேண்டும். உணர்ச்சி திரும்பும்போது உயிர் போகும் வலி வரும், அது நல்லது. இன்னொன்று: மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் உருக்கவே கூடாது. ஒரு தரம் உருகி மீண்டும் உறைந்தால் சதை மிஞ்சாது. இதையெல்லாம் அடுத்தவன் விரலுக்குச் செய்வேன். என் விரலுக்கு வெந்நீர் வைக்க எரிபொருளைச் செலவழிக்க மனம் வரவில்லை. மறுநாள் கொப்புளம் எழும்பியது. நானே கட்டுப் போட்டுக்கொண்டேன். சிகிச்சைப் பதிவேடு என் பொறுப்பில்தான் இருந்தது. அதில் என் பெயரை எழுதவில்லை. கால் போனவன் பெயருக்குக் கீழே 'விரல் கொப்புளம்' என்று எழுத வெட்கமாக இருந்தது.

ஜூன் மூன்றாம் வாரம் எய்டு போஸ்டை இன்னும் மேலே கொண்டுபோனோம். இரண்டாம் நாள் தலைவலி. எல்லோருக்கும்தான் இருந்தது, பாராசிட்டமால் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் வறட்டு இருமல். ஸ்டவ் புகை என்று நினைத்தேன். அன்றைக்குப் பனியை உருக்க வாளியோடு இருபதடி போய்வந்ததற்கே மூச்சு வாங்கியது. தூக்கம் இல்லாத அசதி என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்த வாரம் மட்டும் ஐந்தாறு பேர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, ஒருவனை டாக்டர் சாபிடம் காட்டிக் கீழே அனுப்பியும் இருந்தேன். அதே குழாயை என் நெஞ்சில் வைத்துக் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

அன்று இரவு படுக்க முடியவில்லை. படுத்தால் இருமல், உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த நாயக் திடீரென்று எழுந்து காதை என் முதுகோடு வைத்தார்.

"டாக்டர், தேரே சீனே மே ஹுக்கா பஜ் ரஹா ஹை."

உன் நெஞ்சுக்குள் ஹுக்கா சத்தம் கேட்கிறது என்றார். வாத்தியக்காரரின் காது. பிடித்தவர்களுக்குத் தெரியும், ஹுக்காவை இழுத்தால் தண்ணீருக்குள் காற்று களகளவென்று குமிழியிடும். நுரையீரலில் நீர் நிறைந்தால் வரும் சத்தமும் அச்சு அசல் அதேதான். "புகை சாப், ஒன்றுமில்லை" என்றேன். அவர் டார்ச் அடித்து என் உதட்டைப் பார்த்தார். நீலம். என்னிடம் மேற்கொண்டு பேசாமல் நேராக டாக்டர் சாபை எழுப்பப் போய்விட்டார்.

ஹேப்போ என்று நாங்கள் சொல்வது, உயர்மலை நுரையீரல் நீர்க்கோவை. இது கிருமியால் வருவதில்லை, சளி இல்லை, நிமோனியா இல்லை. ஆக்சிஜன் குறைந்த காற்றில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இடத்துக்கு இடம் ஏறுமாறாகச் சுருங்கும். உள்ளே அழுத்தம் ஏறி, காற்றுப் பைகளுக்குள் நீர் கசியும். பெரும்பாலும் உயரத்துக்குப் போன இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும், ராத்திரியில் முற்றும். திடகாத்திரமான ஆளுக்கு வராது என்பது பொய். 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்ட நம் வீரர்கள் இப்படித்தான் விழுந்தார்கள். அவர்களைப் பார்த்த நம் ராணுவ மருத்துவர்கள் 1965-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 1969-இல் 1,925 வீரர்களின் மலைநோயைப் பற்றி இன்னொரு பெரிய கட்டுரை வந்தது. உலகம் முழுக்க இன்றைக்கும் அவற்றை மேற்கோள் காட்டுகிறார்கள். தெம்பு இருப்பவன் வேகமாக ஏறுவான், வலியை மறைப்பான். அதனால் ஜிம் உடம்புக்கு ஆபத்து ஒரு படி கூடுதல் என்றுதான் சொல்வேன்.

டாக்டர் சாப் அதட்டி நிஃபெடிபின் மாத்திரை கொடுத்தார், இருந்த ஒரே சிலிண்டரைத் திறந்தார். "கீழே போ" என்றார். நான் வாதாடினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. என்னை இறக்க ஆறு பேர் வேண்டும். அடிபட்டவனைத் தூக்க வேண்டிய ஆறு பேர். நடந்தே போகிறேன் என்றேன். "நடந்தால் வழியிலேயே செத்துப்போவாய், உன் பிணத்தைத் தூக்கவும் ஆறு பேர்தான் வேண்டும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த நோயில் உடல் உழைப்பே விஷம், அதையும் நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன்.

த்ராஸில் ஆக்சிஜன் தொடர்ந்தது. கோழை இளஞ்சிவப்பாக, நுரையாக வந்தது. ஹெலிகாப்டரில் இடம் அடிபட்டவர்களுக்கு. என்னை ராத்திரி வண்டியில் ஏற்றினார்கள். அந்தச் சாலையில் ஷெல் விழுந்துகொண்டிருந்ததால் விளக்குப் போடாமல்தான் ஓட்டுவார்கள். அங்கே ஒரு விசித்திரம் உண்டு: த்ராஸிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டுமென்றால் முதலில் 3,500 மீட்டர் உயரமுள்ள சோஜி லாவில் ஏறித்தான் ஆக வேண்டும். உயிர் பிழைக்கக் கீழே போகிறவனை முந்நூறு மீட்டர் மேலே கொண்டுபோய்த்தான் இறக்க முடியும். சிலிண்டர் முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோனாமார்க் தாண்டியதும் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போன மாதிரி இருந்தது. மருந்தைவிட, ஆயிரம் மீட்டர் இறங்குவதுதான் இந்த நோய்க்குப் பெரிய வைத்தியம்.

எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்கப் பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி வெள்ளை. நாலைந்து நாளில் அது கரைந்துவிட்டது. ஹேப்போவில் பிழைத்தால் நுரையீரல் அநேகமாக முழுதாகத் தேறிவிடும். ஜூலை 4 அன்று டைகர் ஹில் நம் வசமான செய்தி வார்டில்தான் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவன் கத்திக் கொண்டாடினான். நான் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

நோய்விடுப்பில் வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி போட்டு நான் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன, எதிலும் நோய் என்று எழுதியிருக்கவில்லை. ஊரே திண்ணைக்கு வந்தது. "குண்டு எங்கப்பா பட்டுச்சு?" என்று சட்டையை விலக்கிப் பார்க்காத குறை. "குண்டு இல்லீங்க, நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சு" என்றேன். எதிர்வீட்டு ஆயா உடனே, "நீர் கோத்ததுக்கா இம்மாந்தூரம் வந்த? நொச்சித் தழை போட்டு ஆவி புடிடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சண்டைக்குப் போய் சளி பிடித்து வந்தவன் என்ற பெயர் ரொம்ப நாள் நின்றது. நோயில் விழுந்த சிப்பாய்க்கு இது ஒரு தனிச் சுமை. காயத்துக்கு இருக்கும் மரியாதை நோய்க்கு இல்லை. இதை வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொண்டால் பாதி மருந்து.

மெடிக்கல் போர்டு என் கேட்டகரியை, அதாவது உடல்தகுதி நிலையை, குறைத்தது, உயர்மலைக்கு அனுப்பக் கூடாது என்று. ஒரு தரம் ஹேப்போ வந்தவனுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். மீதி சர்வீஸெல்லாம் சமவெளி மருத்துவமனைகளில். நுரையீரல் தேறியது, விரல் தேறவில்லை. கறுத்த தோல் உரிந்து புதுத் தோல் வந்தது, நுனியில் உணர்ச்சி வரவில்லை. நாடி பார்ப்பது அந்த இரண்டு விரல்களால்தானே. இடது கையால் பார்க்கப் பழக ஒரு வருடம் ஆனது. டிசம்பர் வந்தால் இன்றைக்கும் அந்த இரண்டும் ஊசி குத்தும்.

2020-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். அதற்கு முன்னால் நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டில் விரலைக் காட்டினேன். "எங்கே எழுதியிருக்கிறது?" என்றார்கள். 1999-இன் எந்தப் பதிவிலும் பனிக்கடி இல்லை. எப்படி இருக்கும்? எழுத வேண்டியவன் நான். அடுத்தவர் பெயரை நூற்றுக்கணக்கில் எழுதிய கை அது.

வீட்டில் கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். 1999-இல் வார்டில் இருந்த ஒரு வயதான சுபேதார் சாப், டிஸ்சார்ஜ் ஆகும்போது என்னை ஜெராக்ஸ் கடைக்கு விரட்டியிருந்தார். எல்லாக் காகிதத்திலும் ஒரு பிரதி எடு, பட்டாளத்தில் நீ பேசினால் கேட்க மாட்டார்கள், காகிதம் பேசினால் கேட்பார்கள் என்று. அந்தக் கட்டில், மலையிலிருந்து என்னை இறக்கியபோது சட்டைப் பொத்தானில் கட்டிவிட்ட ஃபீல்டு மெடிக்கல் கார்டின் நகலும் இருந்தது. ஹேப்போ என்று பெரிதாக, கீழே மங்கிய பென்சிலில் ஒரு வரி: வலது கை இரண்டு, மூன்றாம் விரல், பனிக்கடி, கொப்புளம். சிலிண்டர் மாட்டும் அவசரத்தில் டாக்டர் சாப் என் கட்டைப் பார்த்திருக்கிறார். நான் மறைத்ததை அவர் எழுதியிருக்கிறார். இருபது வருடம் அந்த வரியை நான் படிக்கவே இல்லை.

பணம் கிடைத்ததா என்றால், இல்லை. பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள், ஊனத்தின் அளவு 20 சதவீதத்துக்குக் கீழே என்று போட்டார்கள். அதற்குக் கீழே ஊன ஓய்வூதியம் வராது. மேல்முறையீடு செய் என்று நண்பர்கள் சொன்னார்கள், நான் செய்யவில்லை. ஆனால் நியாயமாகக் கிடைக்க வேண்டியவர்கள் விடக் கூடாது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விதிகள் அதன்பின் மாறியும் இருக்கின்றன. ஆகவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, துறை மேல்முறையீட்டில் தொடங்கி, தேவைப்பட்டால் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம்வரை போகலாம். பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கொப்புளமானாலும் சிக் ரிப்போர்ட் போடு. இடம், தேதி, உயரம் எழுதச் சொல். நகலை வீட்டுக்கு அனுப்பு. நர்சிங் அசிஸ்டென்ட் பிள்ளைகளுக்கு இதை இரண்டு தடவை சொல்வேன்.

தங்கச்சி மகன் விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட்டை மாற்ற வைத்தேன், லீவை ஏழு நாளாக்கினான். லே 3,500 மீட்டர். முதல் இரண்டு நாள் அறையைவிட்டு அதிகம் நகரக் கூடாது, குடி கூடவே கூடாது. கர்துங் லா 5,359 மீட்டர், அங்கே நான்காம் நாள்தான், அதுவும் போட்டோ எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிட வேண்டும். 3,000-க்கு மேல் ராத்திரி தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை தலைவலிக்கு அணை போடும், நுரையீரலுக்குக் கவசம் ஆகாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, படுத்தால் இருமல் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் உள்ள ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போக வேண்டும், அல்லது இறங்க வேண்டும்.

மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு லேயிலிருந்து கூப்பிட்டான்.

"மாமா, லேசா தலைவலி, அவ்வளவுதான். மாத்திரை போட்டேன். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"சரிடா. போனைப் பக்கத்துல இருக்கறவன்கிட்டக் குடு."

"எதுக்கு மாமா? அதான் நானே சொல்றேனே..."

"நீ சொல்லாத. அவன்கிட்டக் குடு."